சிப்பித் தண்ணீரைக் கொட்டாதீர்கள்

டப்பாவைத் திறந்து வடிதட்டில் கவிழ்த்து, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, சிப்பிகளை அலசு அலசென்று அலசினேன். எங்கள் ஊரில் மீனை அப்படித்தான் கழுவுவார்கள், கல்லுப்பு போட்டுத் தேய்த்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும். கொஞ்சம் பால் கலந்த மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்த அந்த நீரெல்லாம் சிங்க்கில் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டம்மா கையில் ஒரு தட்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். தட்டைக் கீழே வைக்கக்கூட இல்லை. வடிதட்டைப் பார்த்தார், சிங்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஐயோ ஹன், எல்லாத்தையும் கொட்டிட்டியே!" என்றார் (ஹன் என்றால் நம் 'கண்ணு' மாதிரி). நான் சிப்பி அத்தனையும் பத்திரமாக இங்கேதானே இருக்கிறது என்று காட்டினேன். அவர் தலையை ஆட்டியதைப் பார்த்தபோது, சோற்றை வடித்துக் கீழே கொட்டிவிட்டுக் கஞ்சியைப் பானையில் வைத்திருப்பவனைப் பார்ப்பது போல இருந்தது.

இது நடந்தது 2013 நவம்பரில், அமெரிக்கர்கள் வான்கோழி சமைத்துக் கொண்டாடுகிற தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின நாள் புதன்கிழமை. அமெரிக்காவின் மேரிலாந்துக்கு வந்து எங்களுக்கு அது இரண்டாவது குளிர்காலம். முதல் வருஷம் வான்கோழி வாங்கிப் பிரியாணி போட்டோம், இங்கே தமிழ்க் குடும்பங்களில் பல பேர் செய்கிற காரியம்தான், நன்றாகவே இருந்தது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது வருஷம் பக்கத்து வீட்டம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். அவருடைய கணவர் அந்தக் கோடையில்தான் இறந்திருந்தார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, வேறு எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆய்ஸ்டர் ஸ்டஃபிங், அதாவது சிப்பி போட்ட ஸ்டஃபிங், மட்டும் இருந்தால் போதும் என்றார். நான் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். அது என்ன பண்டம் என்றே எனக்குத் தெரியாது.

ஸ்டஃபிங் என்பது, தெரியாதவர்களுக்காக, காய்ந்த ரொட்டித் துண்டுகளை வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், செலரி, வாசனைத் தழைகளோடு கலந்து, சாறு ஊற்றி நனைத்து, வான்கோழியின் வயிற்றுக்குள் அடைத்து வேகவைப்பது. தெற்கு மாநிலங்களில் இதையே டிரெஸ்ஸிங் என்பார்கள், ரொட்டிக்குப் பதில் பெரும்பாலும் சோள ரொட்டி. என் மனைவி முதல் வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்ன விளக்கம் இதைவிடச் சுருக்கம்: "இது பிரெட் உப்புமாங்க." அவள் மதுரைக்காரி, கடல் பண்டம் என்றால் வஞ்சிரத்தோடு நிறுத்திக்கொள்கிறவள், அதனால் சிப்பி போடாத ஒரு சின்னத் தட்டு அன்றிலிருந்து தனியாக உண்டு. ஆனாலும் அவள் சொன்னது சரிதான். பழைய ரொட்டி வீணாகக்கூடாது, பெரிய பறவை ஒன்று இருக்கிறது, வீட்டில் ஆட்கள் அதிகம், வயிறு நிறைய வேண்டும் என்கிற கணக்கில் பிறந்த பதார்த்தம் இது. அதில் சிப்பி எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. இன்றைக்கு ஒரு டஜன் சிப்பி விலையைப் பார்த்தால் அதை யாரும் பழைய ரொட்டியோடு சேர்க்க மாட்டார்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். எங்கள் ஊரில் சிப்பி என்றால் பாறையில் ஒட்டிக்கொண்டு வளரும், கறுப்போ பச்சையோ ஓடுள்ள அந்தச் சிப்பி, இங்கே மசல் என்கிறார்களே அது. முட்டம், கடியப்பட்டினம் பக்கமெல்லாம் ஆட்கள் முங்கிப்போய்ப் பாறையிலிருந்து சுரண்டி எடுத்துக்கொண்டு வருவார்கள். ஆய்ஸ்டர் அது இல்லை. அதற்கு ஆளி என்று அகராதி சொல்கிறது. எண்ணூர், பழவேற்காடு கழிமுகங்களில் கிடைக்கிற வகைக்கு விஞ்ஞானிகள் மதராஸின் பெயரையே சேர்த்து கிராசோஸ்ட்ரியா மதராசென்சிஸ் என்று வைத்திருக்கிறார்கள். இங்கே மேரிலாந்தின் செசபீக் வளைகுடாவில் இருப்பது அதன் பங்காளி, கிராசோஸ்ட்ரியா வர்ஜினிகா. நம் ஊர் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் உயிரை நான் நம் ஊரில் ஒரு தடவைகூடத் தின்றதில்லை. இங்கே நான் சிப்பி என்றே எழுதிக்கொண்டு போகிறேன், ஆளி என்றால் எனக்கே வேறு யாரையோ பற்றிப் பேசுவது போல இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தேங்க்ஸ்கிவிங்குக்கு மூலக்கதையாகச் சொல்லப்படுவது 1621இல் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகளும் வாம்பனோக் என்கிற பூர்வகுடி மக்களும் சேர்ந்து மூன்று நாள் சாப்பிட்ட அறுவடை விருந்து. அந்த விருந்தைப் பற்றி எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் அந்த டிசம்பரில் ஊருக்குக் கடிதம் எழுதினார். அதே கடிதத்தில், மசல் எங்கள் வாசலிலேயே கிடைக்கிறது, ஆய்ஸ்டர் பக்கத்தில் இல்லை, வேண்டுமென்றால் இந்தியர்கள் கொண்டுவந்து தருவார்கள் என்கிற மாதிரி ஒரு வரி வருகிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே எங்கள் ஊர் நிலவரம்! இந்தியர்கள் என்று அவர் சொன்னது வேறு ஆட்களை என்றாலும், நானூறு வருஷம் கழித்து அதே பண்டிகைக்கு ஓர் இந்தியன் குளிர்பெட்டியில் சிப்பி சுமந்துகொண்டு போகிறான். அந்த விருந்தில் சிப்பி இருந்ததாக எங்கேயும் எழுதவில்லை. மானும் பறவைகளும் இருந்தன, அவ்வளவுதான் தெரியும்.

சிப்பியும் பறவையும் எப்போது சேர்ந்தன என்று தேடினால் 1796க்குப் போகலாம். அந்த வருஷம் கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் அமீலியா சிம்மன்ஸ் அச்சிட்ட 'அமெரிக்கன் குக்கரி', அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் வெளிவந்த முதல் சமையல் புத்தகம் என்று சொல்லப்படுவது, அதில் பறவையின் வயிற்றில் வெறும் சிப்பிகளையே நிரப்பித் தைத்து, தண்ணீரில் வேகவைத்து, கடைசியில் மேலேயும் ஒரு பைண்ட் (சுமார் அரை லிட்டர்) சிப்பிக் குழம்பு ஊற்றச் சொல்கிறார். ரொட்டி என்ற பேச்சே கிடையாது! சிப்பி அவ்வளவு மலிவாக இருந்திருக்கிறது. ரொட்டிக்குள் சிப்பி போடுவதை நாம் இன்று ஆடம்பரம் என்று நினைக்கிறோம், அந்தக் காலத்துக் கண்ணில் பார்த்தால் சிப்பிதான் இறைச்சியைக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவதற்குப் போட்ட மலிவுச் சரக்கு, நாம் மட்டன் குழம்பில் உருளைக்கிழங்கு போடுகிற மாதிரி.

அப்புறம் ரயில் வந்தது. பால்டிமோரில் சிப்பியைத் தகரத்தில் அடைக்கும் ஆலைகள் வந்தன. பீப்பாயில் உயிரோடும், பனிக்கட்டியில் உரித்தும், தகரத்தில் வேகவைத்தும் சிப்பி மேற்கே போயிற்று. அதனால்தான் கடலையே பார்த்திராத ஒஹாயோ, இண்டியானா குடும்பங்களிலும் பாட்டி காலத்துச் சமையல் குறிப்பு என்று ஆய்ஸ்டர் ஸ்டஃபிங்கை எடுத்து நீட்டுவார்கள். 1884–85 பருவத்தில் மேரிலாந்தில் மட்டும் சுமார் ஒன்றரைக் கோடி புஷல் எடுத்தார்கள், புஷல் என்பது ஒரு பெரிய கூடை அளவு. அந்த எண்ணுக்கு அப்புறம் இறக்கம்தான். அளவுக்கு மீறி வாரியது, ஓடுகளைத் திரும்பக் கடலில் போடாதது, பிறகு இருபதாம் நூற்றாண்டில் வந்த இரண்டு நோய்கள். இன்று வளைகுடாவில் இருப்பது பழைய எண்ணிக்கையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு என்கிறார்கள்.

பக்கத்து வீட்டம்மா வளைகுடாவின் கிழக்குக் கரையில் பிறந்தவர். அவர் அப்பா ஒரு வாட்டர்மேன், அந்தப் பக்கத்தில் சிப்பியும் நண்டும் பிடிக்கிறவர்களை அப்படித்தான் சொல்வார்கள், மீனவர் என்று சொன்னால் திருத்துவார்கள். அவர்கள் பேச்சில் ஆய்ஸ்டர் கிடையாது, அர்ஸ்டர். அந்தம்மா எல்லாரோடும் சாதாரண ஆங்கிலம் பேசுவார், சமையலறைக்குள் வந்தால் மட்டும் அர்ஸ்டர் ஆகிவிடும். நான் நாகர்கோவிலுக்கு போன் போட்டால் என் தமிழ் மாறுவதைப் பார்த்து என் மனைவி சிரிப்பாளே, அதே கதை.

சரி, அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். இன்னொரு டப்பா வாங்க வேண்டும், சாயங்காலம் ஐந்து மணி, இருட்டிவிட்டது. அந்தம்மா தயங்காமல் வாஷிங்டன் மெயின் அவென்யூ மீன் சந்தைக்குப் போ என்றார். 1805இலிருந்து அங்கே சந்தை நடக்கிறது. கடைகள் தண்ணீரில் மிதக்கும் தட்டைப் படகுகளில் இருக்கும், நாம் கரையில் நின்று வாங்க வேண்டும். எனக்கு முன்னால் நாற்பது பேராவது இருப்பார்கள். அத்தனை பேர் கையிலும் ஒரே பட்டியல்: ஒரு பைண்ட், இரண்டு பைண்ட். ஊரே வான்கோழி வயிற்றுக்குச் சிப்பி வாங்கிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற கறுப்பினப் பெரியவர் ஒருவர், ஸ்டஃபிங்குக்குத்தானே, செலக்ட் வாங்காதே, ஸ்டாண்டர்ட் வாங்கு என்று நான் கேட்காமலேயே சொன்னார். உரித்த சிப்பியை உருவத்தை வைத்துப் பிரிக்கிறார்கள்: சின்னது ஸ்டாண்டர்ட், நடுத்தரம் செலக்ட், ரொம்பப் பெரியது கவுண்ட். ரொட்டிக்குள் போகப் போவதற்கு எதற்குப் பெரிசு, விலையும் கூட, வெட்டவும் வேண்டும். அவர் சொன்னதைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன்.

ஓட்டோடு வாங்கி வீட்டில் திறக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றால் சரி, இதற்கு வேண்டாம். அதற்கென்று கட்டையான ஒரு கத்தி இருக்கிறது. பின்பக்க மூட்டில் நுழைத்துத் திருப்ப வேண்டும். 2015இல் வீறாப்பாக மூன்று டஜன் திறக்க உட்கார்ந்து பதினொன்றாவதில் இடது உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டேன். உரித்த டப்பாவில் வருவதும் சில நாளைக்கு முன்னால் திறந்ததுதான். வாங்கும்போது தேதியைப் பாருங்கள், நீர் ரொம்பக் கலங்கியோ இளஞ்சிவப்பாகவோ இருக்கக் கூடாது, மோந்தால் கடல் மாதிரி இருக்க வேண்டும், மீன் நாற்றம் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இப்போது அந்த நீர். டப்பாவில் சிப்பியோடு இருக்கும் நீரை இவர்கள் லிக்கர் என்கிறார்கள். அன்று ராத்திரி ஸ்கைப்பில் அம்மாவிடம் கதை சொல்லும்போது, லிக்கரைக் கொட்டிவிட்டேன், அதுதான் திரும்ப வாங்க வேண்டியதாகிவிட்டது என்றேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது. "சாராயமா மக்ளே? கோழிக்குள்ள சாராயம் ஊத்துவாளுவளா?" சாராயம் இல்லை, சிப்பித் தண்ணீர் என்று விளக்கினால் இன்னும் கோபம். "சிப்பித் தண்ணியவா கொட்டுன? நான் ஒருநாளாவது கொட்டி நீ பாத்திருக்கியா?" பார்த்ததில்லைதான். வீட்டில் சிப்பி வாங்கினால் ஓட்டைச் சுரண்டி, நாரைப் பிய்த்து, கழுவி, தண்ணீர் சேர்க்காமல் சட்டியில் மூடி வைப்பார். வாய் திறக்கும்போது உள்ளிருந்து வரும் நீரை வெள்ளைத் துணியில் வடித்து எடுத்து வைப்பார், அது தேங்காய் அரைத்த துவரனுக்குள் போகும், அன்றைக்கு உப்புப் போட மாட்டார். இதையெல்லாம் நூறு தடவை பார்த்தவன் நான். ஊர் மாறினதும் டப்பாவில் வந்தால் அது கழிவுநீர் என்று நினைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

இந்தப் பதார்த்தத்தின் முழு ருசியும் அந்த நீரில்தான் இருக்கிறது. சிப்பித் துண்டு என்பது அங்கங்கே பல்லில் படுவது, மென்மையாக இருக்கும், சிலருக்குப் பிடிக்காது. ரொட்டியின் ஒவ்வொரு துண்டுக்குள்ளும் போய் உட்காருவது நீர். நன்றாக அமைந்துவிட்டால் சிப்பி ஒன்றுகூட வராத கரண்டியிலும் கடல் இருக்கும். ஒரு பைண்ட் டப்பாவில் அரைக் கப்பிலிருந்து முக்கால் கப் வரை கிடைக்கும். அதை வடிகட்டுங்கள், அடியில் ஓட்டுத் தூள் இருக்கும், பல்லில் கடித்தால் விருந்தே போச்சு. நான் பேப்பர் டவலில் வடித்துக்கொண்டிருந்தேன். 2017இல் அம்மா வந்திருந்தபோது, "இத வச்சா வடிக்குவ?" என்று கேட்டுவிட்டு, பெட்டியிலிருந்து அப்பாவின் பழைய வேட்டித் துண்டு ஒன்றை எடுத்து, துவைத்து, நான்காக மடித்துக் கொடுத்தார். அந்தத் துணி இன்னும் சமையலறை மேல் அலமாரியில் இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு நாள் வேலை.

உப்பு மட்டும் கவனம். சஸ்குவஹானா ஆறு வந்து விழுகிற மேல் வளைகுடாப் பக்கத்துச் சிப்பி கொஞ்சம் இனிப்பாக இருக்கும், வர்ஜினியாவில் கடலைப் பார்த்தாற்போல் இருக்கும் சிங்கோடீக் சிப்பி வாயில் வைத்தால் சுருக்கென்று உப்பு. எந்த ஊர் என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் நீரை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே — பச்சை நீர், அதனால் ஒரு கொதி வந்த பிறகு பாருங்கள் — உப்பைத் தொடுங்கள். வெண்ணெயும் உப்பில்லாதது நல்லது.

அடுத்தது ரொட்டி. ஒரு பவுண்டு வெள்ளை ரொட்டி, கொஞ்சம் கெட்டியானது, அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, 250 டிகிரி ஃபாரன்ஹீட் (120 செல்சியஸ்) அடுப்பில் முக்கால் மணி நேரம், நடுவில் ஒரு தடவை கிளறிவிட்டு. நாலு நாள் பழைய ரொட்டி போதும் என்று பலர் சொல்வார்கள். பழைய ரொட்டி விறைப்பாகத்தான் இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். ஈரம் இருக்கிற இடத்தில் சிப்பித் தண்ணீர் எங்கே போய் உட்காரும்? கையில் எடுத்து நசுக்கினால் நொறுங்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட வருஷம் எனக்குக் களி வந்தது. கடையில் விற்கிற டப்பா ஸ்டஃபிங், 1972இல் வந்த ஸ்டவ் டாப் மாதிரி, அதன் ரகசியமும் ரொட்டித் துண்டின் அளவில்தான் என்று படித்திருக்கிறேன். ஆத்திர அவசரத்துக்கு அது மோசமில்லை, ஆனால் அதில் ஏற்கெனவே உப்பு ஏறியிருப்பதால் சிப்பித் தண்ணீர் சேர்த்தால் தாங்காது.

ஒரு ஸ்டிக் வெண்ணெய் (113 கிராம்), பெரிய வெங்காயம் இரண்டு, செலரித் தண்டு நாலு. நிறம் மாறாமல் வதக்குங்கள், நம் கை தானாகப் பொன்னிறத்துக்குப் போகும், போக விடாதீர்கள். இதில் பார்ஸ்லி, தைம், சேஜ். சேஜ் துளசிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி, ஒரே தாவரக் குடும்பம், ஆனால் குணம் முரடு, ஐந்தாறு இலைக்கு மேல் போட்டால் வீடு முழுக்க மருந்துக்கடை. தனித்தனியாக வாங்கச் சோம்பலாக இருந்தால் பெல்ஸ் சீசனிங் என்று வான்கோழிப் படம் போட்ட பெட்டி கிடைக்கும், 1867இலிருந்து விற்கிறார்கள், இஞ்சிகூட இருக்கிறது அதில். பக்கத்து வீட்டம்மாவின் குறிப்பில் இன்னொன்றும் இருந்தது, மேஸ் ஒரு சிட்டிகை. நான் அதை முதலில் கண்ணெரிச்சல் தெளிப்பான் பெயர் என்று நினைத்தேன், பார்த்தால் ஜாதிபத்திரி! பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிப்பிச் சமையலில் ஜாதிபத்திரி இல்லாத குறிப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் ஜாதிக்காய் மரம் உண்டு, அம்மா வரும்போதெல்லாம் சிவந்த பத்திரியைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவருவார். இந்த ஒரு சாமானில் மட்டும் என் சமையலறை கிழக்குக் கரைக்காரர்களை முந்திவிடும்.

மசாலா போடலாமா என்று கேட்பீர்கள். 2014இல் போட்டேன். இஞ்சி பூண்டு, பச்சை மிளகாய், கரம் மசாலா, மேலே கொத்தமல்லி. தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது, எல்லாரும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆனால் சிப்பி எங்கே போனதென்றே தெரியவில்லை. ஒரு பைண்ட் சிப்பிக்குக் கொடுத்த காசில் நாலு கிலோ கோழி வாங்கியிருக்கலாம். கறுப்பு மிளகு தாராளமாக, காயென் மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டம்மா அந்த வருஷம் மரியாதையாக இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டோரத்தில் இருந்த சார்க்ராட்டுக்குப் போய்விட்டார். ஆமாம், பால்டிமோர் பக்கத்தில் வான்கோழியோடு புளித்த முட்டைக்கோஸ் வைப்பார்கள், ஜெர்மன் குடியேறிகள் விட்டுப்போன பழக்கம். அது அவருடைய கணவரின் கட்சி. அவர் போன பிறகும் அந்தக் கிண்ணம் மட்டும் வருஷாவருஷம் மேஜைக்கு வருகிறது.

சிப்பியைக் கடைசியில் சேர்க்க வேண்டும். வதக்கிய வெங்காயத்தில் வடித்த நீரை ஊற்றி, கொதித்ததும் சிப்பிகளைப் போட்டு, ஓரம் சுருள ஆரம்பித்த உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள், ஒரு நிமிஷமோ ஒன்றரையோ. மீதி வேக்காடு அடுப்புக்குள் நடக்கும். பெரிதாக இருந்தால் இரண்டாக நறுக்கலாம், அரைக்காதீர்கள். இதை ரொட்டி மேல் கவிழ்த்து, வான்கோழிக் கழுத்தை வேகவைத்த சாறு ஒரு கப், இரண்டு முட்டை அடித்துச் சேர்த்து, கைவிட்டுப் பிரட்டுங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், பிழிந்தால் சொட்டக்கூடாது. சாறு ஒரே அளவு என்று கிடையாது, ரொட்டி குடிக்கிற வரைக்கும்தான். 9க்கு 13 அங்குலத் தட்டு, 350 டிகிரியில் (175 செல்சியஸ்) மூடி அரை மணி, திறந்து இருபது நிமிஷம். மேலே மொறுமொறுப்பு, கீழே பஞ்சு.

தட்டில் என்று சொல்லிவிட்டேன், இதில்தான் எனக்கும் அந்தம்மாவுக்கும் ஓயாத வழக்கு. அவர் வீட்டில் காலங்காலமாகப் பறவை வயிற்றுக்குள்தான். வயிற்றுக்குள் வைத்தால் வான்கோழியின் சாறெல்லாம் இறங்கி வரும், அந்த ருசி தட்டில் வராது என்பது அவர் வாதம், அது உண்மைதான். என் வாதம் வெப்பமானி. அடைத்ததன் நடுப்பகுதி 165 டிகிரியை (74 செல்சியஸ்) தொட வேண்டும் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்கிறது, ஏனென்றால் பச்சைப் பறவையின் சாறு அதற்குள்தான் இறங்குகிறது, கூடவே சிப்பி வேறு. நடு அந்தச் சூட்டுக்கு வருவதற்குள் நெஞ்சுக்கறி காய்ந்து மரக்கட்டை ஆகிவிடும். நெஞ்சு பதமாக இருக்கும்போது எடுத்தால் நடு வேகாது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஜெயிக்க வழி கிடையாது. முந்தின ராத்திரியே அடைத்துக் குளிர்பெட்டியில் வைப்பது இன்னும் மோசம். மூன்று வருஷ இழுபறிக்குப் பிறகு உடன்பாடு ஒன்று வந்தது. ஸ்டஃபிங் தட்டில், அதன்மேல் கம்பித் தட்டம், அதில் பறவையின் இறக்கைகள் இரண்டு, வெந்துகொண்டே சொட்டும். அவர் இதையும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. தட்டின் ஓரத்தைச் சுரண்டித் தின்னும்போது மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.

லூசியானாவில் இதற்கு வேறு முகம். 2018இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு நண்பன் வீட்டில் சாப்பிட்டேன். பிரெஞ்சு ரொட்டி, வெங்காயம், செலரி, குடமிளகாய், வெங்காயத்தாள், மிளகாய்த்தூள் தாராளம், சிப்பியை நறுக்கி எல்லாம் ஒன்றாகி மசிகிற வரைக்கும் அடுப்பில் கிளறிவிட்டார்கள். ருசி அபாரம், ஆனால் எனக்குத் துண்டு துண்டாக இருக்க வேண்டும். நம் ஆட்களுக்கு லூசியானா வழிதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன், காரம் இருக்கிறது, கரண்டி வேலை இருக்கிறது.

விருந்துக்கு வரும் கூட்டத்தில் எப்போதும் நாலு பேர் சைவம், இரண்டு பேர் சிப்பி ஒவ்வாமை. சிப்பி ஒவ்வாமை விளையாட்டில்லை, தட்டும் கரண்டியும் தனியாக வையுங்கள், சீட்டு எழுதி ஒட்டுங்கள். வெளியில் வைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். மிச்சம் இருந்தால் வெள்ளிக்கிழமை காலை தோசைக்கல்லில் வட்டமாகத் தட்டி, நல்லெண்ணெய் இல்லை, வெண்ணெயில் இருபுறமும் சிவக்க வைத்து, மேலே ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால், உண்மையைச் சொல்லட்டுமா, வியாழக்கிழமை சாப்பாட்டைவிட நான் காத்திருப்பது அதற்காகத்தான். அம்மா 2017இல் அதைச் சாப்பிட்டுவிட்டு, "கொள்ளாம் மக்ளே, கொஞ்சம் தேங்கா திருவிப் போட்டிருக்கலாம்" என்றார். போட்டுப் பார்த்தேன். வேண்டாம்.

ஓடுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உள்ளங்கை ஆறியபின் அந்த வீறாப்பும் திரும்ப வந்துவிட்டது, ஸ்டஃபிங்குக்கு டப்பா, முன்னால் கொறிப்பதற்கு ஓட்டோடு ஐந்து டஜன் என்று இப்போது வழக்கமாகிவிட்டது. சிப்பிக் குஞ்சு முதலில் தண்ணீரில் மிதந்து திரியும், அப்புறம் ஒட்டிக்கொள்ளக் கெட்டியான இடம் தேடும், அதற்குப் பிடித்த இடம் பழைய சிப்பி ஓடு. அந்தக் காலத்தில் ஓடுகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள், தெருவில் கொட்டிச் சாலை போட்டார்கள், கிளிஞ்சலை நம் ஊரில் சுட்டதைப் போலத்தான். கிழக்குக் கரையில் கிரிஸ்ஃபீல்டு என்ற ஊரின் ஒரு பகுதியே ஓட்டுக் குவியலின் மேல் நிற்கிறது. வளர்ந்த சிப்பி ஒன்று நல்ல நாளில் 50 கேலன் தண்ணீர் வரை வடிகட்டும், அந்த வளைகுடாவுக்கு ஓடு திரும்பப் போக வேண்டும் என்று இப்போது மேரிலாந்தில் ஓடு சேகரிக்கிறார்கள். கழுவிக் காயவைத்துக் கொண்டுபோய்ப் போட்டால் பொரிப்பகத்துக்குப் போகும், குஞ்சு ஒட்டவைத்துக் கடலில் இறக்குவார்கள்.

இந்த வருஷத்து ஓடு ஒரு வாளி. வெள்ளிக்கிழமை சேகரிக்கும் இடம் பூட்டியிருந்தது, சனிக்கிழமை மழை. இன்று திங்கள். வாளி கார் டிக்கியில்தான் இருக்கிறது, என் மனைவி காலையில் வேலைக்குப் பக்கத்து வீட்டம்மாவின் காரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள்.